நல்ல நாள் பார்த்துச் சொல்கிறோம்

ஆனி 27, வியாழன்

கலர் கலக்கும் வேலைக்கு இன்றைக்கு ஆள் பார்த்தோம். பழைய கலர் மேஸ்திரி மஸ்கட் போய்விட்டார். எங்கள் பட்டறையில் பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறோம். கரூரில் இப்படி எத்தனையோ பட்டறை உண்டு. எங்கள் பட்டறையில் சம்பளம் போடுவது, ஆள் எடுப்பது, ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது எல்லாம் இந்த வசந்தாமணி தலையில்தான்.

இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் மோகனசுந்தரம், உள்ளூர்ப் பையன், வாயைத் திறக்காமல் வேலையைச் செய்தான். இன்னொருவர் திருச்செங்கோட்டிலிருந்து அர்த்தனாரி. நாற்பது வயதுக்குள் இருக்கும், போர்வெல் லாரிகளுக்கு ஸ்பிரே அடித்தவர். பட்டறை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். காலில் ஆணி ஏறிவிடும், போட்டுக்கொள்ளுங்கள் என்று நான்தான் திருப்பி அனுப்பினேன்.

பரீட்சை பெரிய பரீட்சை இல்லை. ஒரு மெரூன் தகட்டைக் கொடுப்போம். அதே கலரைக் கலக்கி வேறொரு தகட்டில் அடித்துக் காட்ட வேண்டும். அர்த்தனாரி ஸ்பிரே கன்னைப் பிடித்ததும் பக்கத்தில் ரிவிட் அடித்துக்கொண்டிருந்த பையன்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கை ஒரே சீராகப் போனது, ஒரே சீராக வந்தது. காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். தகட்டில் என் தோடு தெரிந்தது. தோட்டில் ஒரு கல் விழுந்துவிட்டதே, அந்தப் பள்ளம்கூடத் தெரிந்தது. வந்த வேலையை மறந்து சும்மா நின்றுகொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வழவழப்பை நான் பார்த்ததே இல்லை.

கலர்தான் வேறு. மெரூன் கேட்டால் பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டி மாதிரி இருந்தது. பாடி கட்டும் வேலையை மேய்க்கிற ராசு மேஸ்திரி என்னைப் பார்த்தார், நான் மேஸ்திரியைப் பார்த்தேன். "அருமைங்க" என்றார் மேஸ்திரி. "நெம்ப அருமைங்க" என்றேன் நான். பின்னே, அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்த மனிதரிடம் வேறு என்ன சொல்வது?

டீ வாங்கிக் கொடுத்து, "நல்ல நாள் பாத்துச் சொல்லி உடறோமுங்க" என்று அனுப்பினேன். எங்கள் பட்டறையில் அதற்கு வேலை இல்லை என்று அர்த்தம். முதலாளி நாச்சிமுத்து ஐயா காலத்திலிருந்து அப்படித்தான். இல்லை என்ற சொல்லே பட்டறைக்குள் வரக்கூடாது என்பார். ஆணி தீர்ந்தால்கூட "ஆணி வரணும்" என்றுதான் சொல்வோம். வருகிறவர்களும் புரிந்துகொண்டு போய்விடுவார்கள். இது புரியாத ஆளும் உண்டா?

சாயந்திரம் காங்கேயத்திலிருந்து ஃபோன். என் பெண் இந்துமதியைப் பார்த்துவிட்டுப் போன பையனின் அம்மா. "ஒண்ணும் வெசனப்படாதீங்க, நல்ல நாள் பாத்துச் சொல்லி உடறோமுங்க" என்றார்கள். எவ்வளவு பதவிசான மனுஷி. சந்தோஷத்தில் பாயசம் வைத்தேன்.

ஆனி 31, திங்கள்

ஐயா நெஞ்சு ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருப்பதால் அவர் மகள் பிருந்தாதான் இப்போது முதலாளி நாற்காலியில். நான் இடுப்பில் தூக்கி வைத்திருந்த பாப்பா. சென்னையில் படித்து, அங்கேயே வேலை பார்த்து, இப்போது எனக்குச் சட்டம் சொல்கிறது.

"வசந்தாக்கா, அந்தத் திருச்செங்கோட்டுக்காரர்கிட்ட இல்லைன்னு சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு பாப்பா. நல்ல நாள் பாத்துச் சொல்லி உடறோம்னு சொன்னேன்."

"அது எப்படிக்கா இல்லைன்னு ஆகும்?"

"அப்படிச் சொன்னா இல்லைன்னுதான் அர்த்தம். ஊருக்கே தெரியும்."

"அவருக்குத் தெரியுமா?"

நல்லா இருக்கிறதே கதை, நான் போய் அவர் மண்டைக்குள் பார்த்துவிட்டா வர முடியும். அதற்குள் பாப்பா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. இனிமேல் வேலை கேட்டு வருகிற எல்லாருக்கும் இரண்டு நாளுக்குள் ஃபோன் செய்து உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டுமாம். போன வருஷம் வந்து போனவர்களுக்கும் சொல்ல வேண்டுமாம்.

"காரணத்தையுமா பாப்பா?"

"காரணத்தைத்தான்க்கா. சென்னையில நான் எத்தனை இன்டர்வியூ போனேன் தெரியுமா? ஒருத்தரும் பதில் சொல்லல. ஒரே ஒரு கம்பெனி மட்டும், உனக்கு வேலை இல்ல, இன்ன எடத்துல கோட்டை விட்டுட்டேன்னு எழுதுச்சு. அன்னிக்குத்தான் நிம்மதியாத் தூங்குனேன்."

இல்லை என்று கேட்டுவிட்டுத் தூங்கினாளாம். படித்த பிள்ளைகள் பேச்சே தனி. முகத்துக்கு நேரே குறை சொல்வது நம் பக்கத்து வழக்கமா? எனக்கு எரிச்சலாக வந்தது. ஐயா எழுந்து வரட்டும், பேசிக்கொள்கிறேன்.

ஆடி 1, புதன்

ஆடி பிறந்தது. காங்கேயத்திலிருந்து இனி ஒரு மாதம் ஃபோன் வராது. ஆடியில் யார் நல்ல காரியம் பேசுவார்கள்?

ஆடி 3, வெள்ளி

பாப்பா விடவில்லை. காலையிலேயே என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, "ஆரம்பிங்கக்கா" என்றது. முதல் ஃபோன் அரவக்குறிச்சிப் பெண்ணுக்கு. போன ஐப்பசியில் கணக்கு எழுதும் வேலைக்கு வந்தவள். ரிசீவரைப் பிடித்த கை வியர்த்துவிட்டது.

"உங்க கணக்கெல்லாம் சுத்தமா இருந்துச்சுங்க. ஆனா கம்ப்யூட்டர்ல போடறது மெதுவா இருக்குதுன்னு எடுக்கலீங்க."

அழுகிறாளோ என்று பாப்பாவை முறைத்தேன்.

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் அவள்.

"அவ்வளவுதானுங்க."

"வீட்டுக்காரர் இல்லாதவளை ஆபீஸ்ல உக்கார வெக்க மாட்டாங்கன்னு ஊருக்குள்ள சொன்னாங்க. அதாலதான் கூப்புடலைன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. அப்பறம் எங்கயும் கேட்டே போகல. கம்ப்யூட்டர்னா கத்துக்கலாமுங்களே."

குரலே மாறிவிட்டது. ஃபோனை வைத்த பிறகும் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை இல்லை என்று சொன்ன எனக்கு நன்றி சொல்லிவிட்டு வைத்தாள் அந்தப் பெண்.

அடுத்தது ஒரு வெல்டர். "இதச் சொல்றதுக்கு உங்களுக்கு இத்தனை மாசமா?" என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு வைத்துவிட்டான். பார்த்தாயா பாப்பா என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, அவனே திரும்பக் கூப்பிட்டான். எந்த வெல்டு சரியில்லை, ஜன்னல் பக்கமா படிக்கட்டா என்று கேட்டான். ராசு மேஸ்திரியிடம் கொடுத்தேன். இரண்டு பேரும் சம்பந்தி மாதிரி உட்கார்ந்து பேசினார்கள்.

வாட்ச்மேன் வேலைக்கு வந்த பெரியவர் சென்னிமலையில் வேறு வேலைக்கே போய்விட்டார். "ஆனாலும் கூப்புட்டுச் சொன்னீங்க பாரு தாயி" என்று சிரித்தார். 

நானாக ஒரு சொல்லைச் சொல்லாமல் விட்டால், கேட்காத அந்தச் சொல்லை வைத்து ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு கதை கட்டிக்கொண்டு அதிலேயே குடியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. இந்தப் பாப்பாவுக்கு இது எப்படித் தெரிந்தது?

அர்த்தனாரி பெயர் கடைசியில் இருந்தது. அதற்குள் சம்பளப் பட்டியல் வேலை வந்துவிட்டது. நாளைக்குப் பார்க்கலாம்.

ஆடி 8, புதன்

நான் கூப்பிடவில்லை. அவரே கூப்பிட்டுவிட்டார்.

"ஏனுங்கக்கா, நல்லாருக்கறீங்களா? அர்த்தனாரி பேசறனுங்க. ஆடி பொறந்துட்டதாலதான் நீங்க கூப்புடலைன்னு எனக்குத் தெரியுமுங்க. அவசரமில்லீங்க. ஆவணி ஒண்ணு சனிக்கெழமைங்க, நாளு நல்லாருக்குதுன்னு காலண்டர்ல போட்டிருக்குது. அன்னிக்கே வந்து சேந்துக்கட்டுங்களா?"

நல்ல நாள் என்று நான் சொன்னதை இந்த மனிதர் அப்படியே நம்பி, ஆடி முடிவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நிலைமை அதோடு நிற்கவில்லை.

"மச்சினன் சங்ககிரியில ஸ்பிரே ஷெட் போடறானுங்க. என்னையக் கூட்டுக்கு வான்னு ஒரே புடியா நிக்கறான். ஆவணி பொறக்கறதுக்குள்ள சொல்லோணுமாம், இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்குவானாம். உங்க வேலை இருக்கறப்ப அதெதுக்குங்க. சொந்தத்துக்குள்ள என் கைராசிய நம்பி அவன் எறங்கவும் வேண்டாமுங்க. வேண்டாம்னு சொல்லிப்போடறேன்."

"பொறுங்க, பொறுங்க. ஆடி முடியட்டும், அதுக்குள்ள ஒண்ணும் சொல்லீறாதீங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரீங்கக்கா."

அப்போதே சொல்லியிருக்கலாம். பக்கத்தில் டீக்காரப் பையன் நின்றிருந்தான், அவன் முன்னால் எப்படிச் சொல்வது?

ஆடி 13, திங்கள்

"எல்லாருக்கும் சொல்லியாச்சாக்கா?"

"ஒருத்தருக்குத்தான் லைன் கெடைக்கல பாப்பா."

பாப்பா என்னைப் பார்த்த பார்வை சரியில்லை. நானும் விடாமல், அவரை ஸ்பிரே வேலைக்கே எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்டேன்.

"அவர் அடிச்ச தகட்ட நானும் பாத்தேன்க்கா. ஸ்பிரேல ஆள் தேவைப்பட்டா நானே கார் எடுத்துட்டுப் போய்க் கூட்டிட்டு வருவேன். இப்ப இருக்கறவங்கள்ல யார நிறுத்தறது, சொல்லுங்க. கலர் வேலைக்கு அவர் ஆகாது. செவப்பும் பச்சையும் அவருக்குப் பிரிஞ்சு தெரியல. என்கூடப் படிச்ச ஒருத்தனுக்கும் அப்படித்தான், பொறவியிலயே. இவருக்குத் தனக்கு அது இருக்கறதே தெரியாதுன்னு நெனைக்கிறேன்."

மோகனசுந்தரத்தை ஆவணி ஒன்று வந்து சேரச் சொல்லி ஆகிவிட்டது. நாளை ஐயா வீட்டுக்குப் போய் மருந்துச் சீட்டு வாங்கி வர வேண்டும். பெயிண்டு அடித்துப் பிழைக்கிறவரிடம் உனக்குக் கலர் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது? பாட்டுக்காரனிடம் போய் உனக்குக் காது இல்லை என்று சொல்கிற மாதிரி. அதுவும் ஆடியில்.

ஆடி 18, சனி

நெரூர் காவிரிக்குப் போனோம். தண்ணீர் இரு கரையும் தொட்டுக்கொண்டு ஓடியது. காப்பரிசி, புது மஞ்சள் கயிறு, புளிசாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் ஆயிற்று. இந்துமதி மட்டும் ஆற்றைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் கூப்பிடுவார்கள் என்றாள். அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு இன்று லீவு.

திரும்பும்போது ஆடித் தள்ளுபடியில் அவளுக்கு ஒரு பட்டுச் சேலை எடுத்தேன். நிச்சயத்துக்கு ஆகும். "இப்ப எதுக்கும்மா?" என்றாள். வேலை வெட்டி இல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். இவரும், "அவங்க சொல்லட்டுமே, அப்பறம் எடுக்கலாமே" என்றார். தகப்பனும் மகளும் ஒரே அச்சு.

ஆடி 22, புதன்

ஒரு பெண் குரல், மெதுவாக. "அர்த்தனாரி வீட்டுலிருந்து பேசறனுங்க, பூங்கொடி. அவரு கடைக்குப் போயிருக்கறாரு. அதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுறலாம்னுங்க."

"சொல்லுங்க."

"அந்த வேலை கெடைக்குமுங்களா? கெடைக்காதுன்னா இப்பவே சொல்லிருங்கக்கா. வூட்டக் காலி பண்றோம்னு சொல்லியாச்சு. எந்தம்பியும் பதிலுக்குக் காத்துட்டு இருக்கறான். அவரு கலரு வேலைக்குன்னு வந்தாரு, ஆனா அவருக்கு..." நிறுத்திவிட்டாள்.

"அவருக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

இரண்டு பேரும் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் சொல்ல வந்ததை அவள் சொல்லவில்லை. நான் சொல்ல வேண்டியதை நானும் சொல்லவில்லை. "பாக்கலாமுங்க" என்றேன். வைத்த பிறகு என்மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம்.

ஆடி 26, ஞாயிறு

காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இந்துமதி வந்து அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, நான் அந்தப் பையனுக்கே ஃபோன் பண்ணிக் கேட்டுட்டேன்."

"என்னடி கேட்ட?"

"உண்டா இல்லையான்னு. இல்லையாம். தாராபுரத்துல வேற எடம் முடிவாயிருச்சாம். ஆனியிலயே."

கரண்டி கையிலேயே நின்றது. தோசை தீய்ந்தது. ஆனியிலேயே முடிவு செய்துவிட்டா அந்த அம்மா எனக்கு ஃபோன் செய்து நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள்? அப்படி என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது? ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தால் வாய் வெந்தா போய்விடும்? எவ்வளவு திட்டினேன் என்று எனக்கே தெரியாது. அடுப்பை அணைத்ததும் அவள்தான்.

"ஏன் வேண்டாம்னாங்கன்னு கேட்டியா?"

"கேட்டேன்மா. வேலைக்குப் போகாத பொண்ணா வேணுமாம். அவங்கம்மாவுக்கு. நான் என்னவோ என் பல்லு எடுப்பா இருக்குதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். நெதமும் கண்ணாடில அதையேதான் பாத்துட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வாயைக் கையால் மூடாமல் சிரித்தாள். இந்த ஆடி முழுக்க அவள் வாயைப் பொத்திக்கொண்டே பேசிக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெற்றவள் நான், ஒரே வீட்டில் இருந்துகொண்டு அதைப் பார்க்கவில்லை. பிறகு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு தோசை கேட்டாள். ஊற்ற ஊற்றச் சாப்பிட்டாள். மத்தியானம் ஃபோனை அலமாரிக்குள் வைத்துவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இல்லை இவ்வளவு செய்யுமா?

ஆடி 27, திங்கள்

திருச்செங்கோட்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். பாப்பாவிடம், "அந்த ஒருத்தருக்கு நேர்லயே போய்ச் சொல்லிட்டு வந்தர்றேன்" என்றேன்.

ஆடி 30, வியாழன்

சுதந்திர தினம். பட்டறையில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்ததும் கிளம்பிவிட்டேன். மடியில் ஆப்பிள் பை. கெட்ட சேதி கொண்டுபோகிறவளுக்கு ஆப்பிள் எதற்கு என்று பரமத்தி வேலூர் வரைக்கும் யோசித்தேன். வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலில் போய் நிற்க எனக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

மலையடிவாரத்தில் சின்ன ஓட்டு வீடு. வாசலில் அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி அடுக்கியிருந்தார்கள். பாத்திரமெல்லாம் சாக்குக்குள். அர்த்தனாரி என்னைக் கண்டதும் பெட்டியைத் தாண்டி ஓடி வந்தார்.

"அக்கா, நீங்களே நேர்ல சொல்ல வந்துட்டீங்களா? நாங்க அத்தனை பெரிய ஆளுங்களா? பூங்கொடி, காப்பி வையி."

"காப்பி அப்பறமுங்க" என்றேன். "மொதல்ல வந்த விசயத்தச் சொல்லிப்போடறேன். கேட்டுட்டு எனக்குக் காப்பி குடுக்கறதா வேண்டாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. அந்த வேலை உங்களுக்கு இல்லீங்க."

சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அது போவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"வேற ஆளப் போட்டுட்டீங்களாக்கா?"

"ஆமாங்க. ஆனியிலயே. நல்ல நாள் பாத்துச் சொல்றோம்னு நாஞ் சொன்னதெல்லாம் ஒப்புக்குச் சொன்னதுங்க. இந்த ஆடி முழுக்க உங்களக் காக்க வெச்சது நாந்தான்."

"சரீங்க" என்றார். கட்டிலில் உட்கார்ந்தார். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்காமலே பழகிவிட்ட மனிதர். நானாகத்தான் சொன்னேன்.

"காரணத்தையும் கேட்டுக்கங்க. நாங்க மெரூன் கேட்டோம். நீங்க அடிச்சது மெரூன் இல்லீங்க, பச்சை கலந்த பழுப்பு. உங்க கண்ணுக்குச் செவப்பும் பச்சையும் பிரிஞ்சு தெரியறதில்லீங்க. சில பேருக்குப் பொறவியிலயே அப்படி இருக்குமாம். அங்க நின்ன அத்தனை பேருக்கும் தெரிஞ்சுது. ஒருத்தரும் சொல்லல. அருமைன்னு சொன்னோம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "என்ன புள்ள சொல்றாங்க இவங்க?"

காப்பி டம்ளரோடு நின்ற பூங்கொடி தலை குனிந்தாள். "நெசந்தானுங்க மாமா. கண்ணாலமான புதுசுல தக்காளி பறிக்கப் போனீங்களே. பழத்தோட காயவும் பாதிக்குப் பாதி பறிச்சுட்டு வந்தீங்க. அப்பவே எனக்குத் தெரியும்."

"ஏன் புள்ள சொல்லல?"

"எப்படிங்க சொல்றது? பெயிண்டு அடிச்சுத்தான் சோறு போடறீங்க. அதப் போய் எப்படிச் சொல்லுவேன்?"

கோபித்துக்கொள்வார், எழுந்து போய்விடுவார், என்னை வாசலைக் காட்டி அனுப்புவார் என்று எதையெல்லாமோ எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவர் தன் இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அப்ப, என் கையில ஒண்ணும் கொறை இல்லீங்களாக்கா?"

எனக்கு விளங்கவில்லை. "உங்க கையாட்டம் ஒரு கைய நா பாத்ததே இல்லீங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பேசினார். கலர் வேலை கேட்டுப் போன பட்டறையிலெல்லாம் அருமை அருமை என்று சொன்னார்களாம். ஒருவரும் கூப்பிடவில்லை. வேலையில் குறையென்றால் சொல்லியிருப்பார்களே, குறை சொல்லாமல் ஒதுக்குகிறார்களே, அப்படியென்றால் கைராசிதான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். கோயில் கோயிலாகப் போய் வந்தார். மச்சினன் புது வண்டி எடுத்து, பொட்டு வையுங்கள் என்று கூப்பிட்டபோது தொடாமல் தள்ளி நின்றார். கூட்டுக்குப் போக மறுத்ததும் அதனால்தான். தன் கை பட்டால் அவன் தொழில் படுத்துவிடும் என்ற பயம்.

"எம் புள்ளைக்கு மொதச் சோறு ஊட்டறப்ப எல்லாரும் கோயில்ல நின்னாங்கக்கா. என் கை வேண்டாம், தாய்மாமன் ஊட்டட்டும்னு நா தூணுக்குப் பின்னால போயிட்டேன். அன்னிலிருந்து இன்னிக்கு வரைக்கும் அதுக்கு ஒரு வாயி ஊட்டுனதில்லீங்க. நாலு வயசாச்சு. கண்ணுலயாங்க கோளாறு? வெறும் கண்ணுலயாங்க?"

அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. பூங்கொடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டே அழுதாள். அவர் ஏன் பிள்ளைக்கு ஊட்டமாட்டார் என்பது அவளுக்கும் தெரியாதாம். பெண் குழந்தை என்பதால் ஒட்டவில்லை என்று நினைத்திருந்தாளாம். ஒரே கூரைக்குள் இரண்டு பேரும் ஆளுக்கொன்றை மறைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்.

அர்த்தனாரி ஃபோனை எடுத்து மச்சினனைக் கூப்பிட்டார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"மாப்ள, நாளன்னிக்கு ஆவணி ஒண்ணு. நான் வந்தர்றேன். ஒண்ணே ஒண்ணு, அத முன்னாடியே சொல்லிப்போடறேன். எனக்குச் செவப்பும் பச்சையும் தெரியாது. இப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. கலரு கலக்கறதுக்கு ஒரு ஆளப் பாரு. அடிக்கறது நானு."

"அது எனக்கு எப்பவோ தெரியுங்க மச்சான். கலரு கலக்க ஆளப் பேசி வெச்சுட்டுத்தான் உங்களயே கூப்புட்டேன். உங்க கைக்குத்தான் ஷெட்டே போடறேன்."

"தெரிஞ்சுதான் இருந்தியா? ஏன்டா சொல்லல?"

"அக்காதான் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சுங்க."

அர்த்தனாரி ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவருக்கு அசாத்தியக் கோபம் வந்தது. "ஊரே தெரிஞ்சு வெச்சுட்டு என்னைய மட்டும் தெரியாதவனா வெச்சிருக்குது பாருங்க" என்று கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியை எட்டி உதைத்தார். உள்ளே ஏதோ உடைந்தது. பூங்கொடி, "ஊறுகா ஜாடிங்க" என்றாள். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதற்குள் குழந்தை பின்வாசல் வழியாக ஓடி வந்தது. காலெல்லாம் மண். பெயர் சங்கமித்ரா. நான் கொண்டுபோன ஆப்பிளில் ஒன்றைப் பூங்கொடி நறுக்கித் தட்டில் வைத்தாள். அர்த்தனாரி கையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் துடைத்துக்கொண்டார். ஒரு துண்டை எடுத்துக் குழந்தை வாய்க்கு நேரே நீட்டினார். ஸ்பிரே கன் பிடித்தபோது ஒரு துளி ஆடாத அந்தக் கை அப்படி நடுங்கியது. குழந்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டு திரும்ப விளையாட ஓடிவிட்டது. அவர் வெறும் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோயிலில் கூட எனக்கு அப்படிக் கை குவிந்ததில்லை. என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன்.

காப்பி கொடுத்தார்கள். குடித்தேன்.

ஆவணி 1, சனி

மோகனசுந்தரம் வந்து சேர்ந்தான். மெரூன் இன்றைக்கு மெரூனாகவே இருந்தது. அடித்த பளபளப்பு சுமார்தான், என்ன செய்வது.

மத்தியானம் ஸ்டோர் வேலைக்கு ஒரு பெண் வந்தாள். பேசியபோது நன்றாகப் பேசினாள். ஆனால் சாமான்களை எண்ணி எழுதச் சொன்னதில் மூன்று இடத்தில் தப்பு. பார்த்து முடித்ததும் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"எப்பங்க மேடம் சொல்லி உடுவீங்க?"

பழக்கத்தில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. முழுங்கினேன். கை இன்னும் வியர்க்கத்தான் செய்கிறது.

"இப்பவே சொல்லீர்றேன். இந்த வேலை உனக்கு இல்ல கண்ணு. எதனாலன்னு சொல்றேன், உக்காரு."

அந்தப் பெண் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.